பாலத்தைச் சுற்றி வரும் தூரம்

ஜூன் 14

பள்ளி திறந்தது. எனக்கு இது கடைசி ஆண்டு. வரும் மே மாதத்தோடு ஓய்வு. முப்பத்துநான்கு ஆண்டுகளாக ஜூன் மாதத்தில் வரும் அதே தலைவலிகள்தான். அலுவலக அறைப் பூட்டு துருப்பிடித்துத் திறக்கவில்லை. ஏழாம் வகுப்பில் குளவி கூடு கட்டியிருக்கிறது. சத்துணவுக் கூடத்தில் பெரிய கரண்டியைக் காணோம். பாடக்குறிப்பு ஏடு ஒன்று எழுதாமல் மிச்சம் கிடந்தது, அதை வீட்டுக்கு எடுத்து வந்து இதை எழுதுகிறேன். தலைமை ஆசிரியை ஆன பிறகு நானாக எழுதியதைவிட, மற்றவர்கள் எழுதியதில் கையெழுத்துப் போட்டதுதான் அதிகம்.

நல்ல செய்தியும் உண்டு. ஏழிலும் எட்டிலும் சேர்த்துப் பெண்பிள்ளைகள் முப்பத்தொரு பேர். அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். போன ஆண்டு இதே நாளில் ஐந்து பேர் பள்ளியை விட்டு நின்றிருந்தார்கள். ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பழைய கழிப்பறைக்குக் கதவு இல்லை, தண்ணீர் இல்லை. மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்த பிள்ளை அப்படியே வீட்டிலேயே தங்கிவிடும். ஜனவரியில் புதிதாகக் கட்டியதிலிருந்து அந்தத் தொல்லை இல்லை. ஓடு பதித்து, தண்ணீர் மோட்டார் வைத்து, கண்ணாடிகூட மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்பு தர்ஷினி அந்தக் கண்ணாடி முன்னால் கால் மணி நேரம் நின்றாள். திட்டினேன், ஆனால் மனசார இல்லை.

ஜூன் 19

நாளை வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம். வழக்கம்போல் இருபது தாள்களில் முத்திரை வைத்து, வெறுமையாகவே கையெழுத்துப் போட்டு ரோஸ்லினிடம் கொடுத்தேன். கணினி சொல்லித்தரும் தற்காலிக ஆசிரியை அவள். தட்டச்சு வேலையும் அவள் தலையில்தான். நான் இல்லாத நாளில் படிப்புச் சான்று கேட்டு வரும் தாய்மார்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவர்கள், அவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது. விதிப்படி இது தவறு. எனக்குத் தெரிந்து இப்படிச் செய்யாத தலைமை ஆசிரியர் ஒருவர்கூட இல்லை.

ஜூன் 27

எங்கள் அண்ணமார் நகர்க் குடியிருப்போர் சங்கம் இன்று எங்கள் வீட்டில் கூடியது. என் வீட்டுக்காரர் நாச்சிமுத்துதான் சங்கத் தலைவர். மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் ஸ்விட்சுகளைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். இப்போது ஊர் வேலை கிடைத்துவிட்டது.

விஷயம் இதுதான். வாய்க்காலுக்கு அக்கரையில் மதில் கட்டிப் போட்டிருந்தார்களே, அது கிடங்கு இல்லையாம். பழைய பேட்டரிகளை லாரியில் கொண்டு வந்து, உடைத்து, உருக்கி ஈயம் எடுக்கும் ஆலையாம். அனுமதி ஆணையும் வாங்கிவிட்டார்கள். அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது: ஐந்நூறு மீட்டருக்குள் வீடோ பள்ளியோ இருக்கக் கூடாது. எங்கள் வீடுகள் அறுநூறு மீட்டர் தள்ளி இருக்கின்றன. ஆகவே பள்ளியை முன்னால் வைத்துத்தான் வழக்கு நிற்க வேண்டும் என்று பேசினார்கள்.

பின்வரிசையில் ஒருவர், பள்ளிக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்த அறக்கட்டளையும் இந்த ஆலைக்காரர்களுடையதுதானாமே என்று கேட்டார். வீட்டுக்காரர் சட்டென்று, கொடுத்தார்கள் வாங்கிக்கொண்டோம், அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று மடக்கிவிட்டார். எனக்காகப் பரிந்து பேசியது நன்றாகத்தான் இருந்தது. அதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது.

டீச்சர் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றார்கள். அரசு ஊழியர் இதிலெல்லாம் பேசக் கூடாது என்றேன். இது பொய்யல்ல.

ஜூலை 8

ஈரோட்டிலிருந்து வழக்கறிஞர் ஷகிலா பானு வந்திருந்தார். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கேள்வி கேட்டால் பதில் வரும்வரை கண்ணை எடுக்காத பெண். சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான சென்னைத் தீர்ப்பாயத்தில் மனு போடப் போகிறார். போன் வரைபடத்தில் தூரம் பார்த்தது செல்லாது, அளந்த சான்று வேண்டும் என்றார்.

வீட்டுக்காரர் உடனே போய் அளந்துகொண்டு வந்துவிட்டார். பள்ளியின் பின்சுவரிலிருந்து வாய்க்காலைத் தாண்டி ஆலை மதில்வரை மின்கம்பிகள் நேராகப் போகின்றன. அந்தக் கம்பங்களை நட்டதே இவர்தான். ஏழு கம்பம், சுவரிலிருந்து முதல் கம்பம் ஐம்பது மீட்டர், பிறகு கம்பத்துக்குக் கம்பம் ஐம்பது, ஆக முந்நூற்றைம்பது என்று சொல்லிவிட்டு, கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பையனைப் போல என்னைப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றேன். கத்தரிக்காய்க் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

ஜூலை 9

தலைவலி. விடுப்பு எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 3

அறக்கட்டளையிலிருந்து கோபிநாத் பள்ளிக்கு வந்தார். தண்ணீர் மோட்டார் சரியாக ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது என்றேன். இதே போல ஒத்துழைப்புக் கொடுங்கள் என்றார். டீ குடித்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 22

எதிர்த்தரப்பு பதில் மனு தாக்கல் செய்துவிட்டது. அந்த மனுவை வழக்கறிஞரிடமிருந்து வாங்கிக்கொண்டு இவர் மாலை ஐந்து மணிக்கு வந்தார். நான் அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று ஒரு தாளை நீட்டினார். இணைப்பு ஏழு. எங்கள் பள்ளியின் பெயர் அச்சிட்ட முகப்புத் தாள். ஆலை வளாகம் பள்ளியிலிருந்து ஒன்று புள்ளி நான்கு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்றும், பள்ளிக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை என்றும் எழுதி, கீழே வட்ட முத்திரை.

"இது உன்ற கையெழுத்துத்தானா, கோதை?"

கையெழுத்து என்னுடையதுதான் என்றேன். நான் வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டு வைப்பது அவருக்கும் தெரியும். எத்தனையோ முறை திட்டியிருக்கிறார். அதை நினைவுபடுத்தினேன். அவர் முகம் தெளிந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, படுபாவிகள் தாளைத் திருடி அடித்திருக்கிறார்கள் என்று சொல்லி, தண்ணீர் கேட்டார். இரண்டு சொம்பு குடித்தார்.

நான் பொய் சொல்லவில்லை. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடும் பழக்கம் உண்டு என்று மட்டும்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 24

பள்ளித் தலைமை ஆசிரியையே தந்த சான்று இருக்கும்போது மறுபடி எதற்கு அளவை என்பது எதிர்த்தரப்பு வாதம். அந்தச் சான்றை உடைத்தால்தான் தீர்ப்பாயம் அளக்கச் சொல்லும் என்கிறார் ஷகிலா பானு. வழியும் அவரே சொன்னார்: அது போலி என்று நான் பிரமாணப் பத்திரம் தர வேண்டும், கூடவே போலீசில் ஒரு புகார். தாள்கள் யார் கையில் இருந்தன என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் இவர் ரோஸ்லின் பெயரைச் சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் 25

ரோஸ்லின் வீட்டு மரத்துக் கொய்யா கொண்டு வந்து மேசையில் வைத்தாள். நிரந்தரப் பணிக்கான தேர்வில் தேறிவிட்டாளாம், சான்றிதழ் சரிபார்ப்பு மட்டும் பாக்கியாம்.

ஆகஸ்ட் 28

இன்று மதியம் இவர் பள்ளிக்கே வந்து ரோஸ்லினிடம் விசாரித்துவிட்டார். அதட்டவில்லை என்கிறார். அவர் போன பிறகு அவள் என் அறைக்கு வந்து கதவை ஒட்டி நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"மேடம், நீங்க சொல்லச் சொல்லத்தானுங்க நான் அடிச்சேன். ஒண்ணு புள்ளி நாலுன்னதும், பாலத்து வழியாங்களான்னுகூடக் கேட்டேன். போடுன்னு சொன்னீங்க."

பிறகு பேசலாம், வகுப்புக்குப் போ என்றேன். போய்விட்டாள். கரும்பலகையில் அவள் எழுதும் சத்தம் என் அறைவரை கேட்டது.

சரி, எழுதிவிடுகிறேன்.

ஜனவரியில் கழிப்பறை திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் முன்பு கோபிநாத் வந்தார். கட்டடம் முடிந்திருந்தது, மோட்டார் மட்டும் வரவில்லை. ஒரு சான்று வேண்டும், சும்மா கோப்புக்காக என்றார். மோட்டாரைப் பற்றியும் அதே மூச்சில் பேசினார். பேட்டரி சம்பந்தமான தொழில் என்று சொன்னார். நான் விவரம் கேட்கவில்லை. ரோஸ்லினை அழைத்து, நான் சொல்லச் சொல்ல அடிக்க வைத்து, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நாளில் மோட்டார் வந்தது.

தூரத்தைப் பொறுத்தவரை நான் எழுதியது பொய் இல்லை. பள்ளிக்கூடத்துக்காரர்களுக்குத் தூரம் என்றால் பிள்ளை நடக்கும் தூரம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இந்தத் தொடக்கப் பள்ளியை நடுநிலைப் பள்ளியாக்க மனு மேல் மனு எழுதினேன். பக்கத்து ஊர்ப் பள்ளி கண்ணுக்கு எதிரே தெரியும். ஆனால் வாய்க்காலைச் சுற்றிப் பாலம் வழியாகப் போனால் மூன்றரை கிலோமீட்டர். அந்த நடைதூரத்தைச் சான்றாக எழுதித்தான் இங்கே எட்டாம் வகுப்பு வந்தது. அதிகாரிகளும் அதைத்தான் ஏற்றார்கள். எங்கள் துறையில் எந்தத் தலைமை ஆசிரியரைக் கேட்டாலும் தூரம் என்றால் நடைதூரம்தான் சொல்வார். ஆலை மதில் பாலம் வழியாக ஒன்று புள்ளி நான்கு. சந்தேகம் இருந்தால் நடந்து பார்க்கட்டும்.

அந்தப் பெண் கேட்டாளே, பாலத்து வழியா என்று. பழக்கத்தில் எழுதியவளாக இருந்தால் ஆமாம், அதையும் போடு என்று சொல்லியிருப்பேன். "பாலம் வழியாக" என்ற இரண்டு சொல்லுக்கு ஒரு வரியில் இடம் இருந்தது.

ஆகஸ்ட் 30

பத்திரத்தில் கையெழுத்துப் போட நாளை ஈரோட்டுக்கு வரச் சொன்னார்கள். காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். இவர் கஷாயம் வைத்துக் கொடுத்தார். குடித்தேன்.

செப்டம்பர் 1

சொல்லிவிட்டேன்.

காலையில் இவர் போலீஸ் புகாரைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். ரோஸ்லின் பெயருக்கு முன்னால் "செல்வி" போடுவதா "திருமதி" போடுவதா என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்வியை என்னால் தாங்க முடியவில்லை. எதிரில் உட்கார்ந்து, மோட்டாரில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். நடைதூரக் கணக்கையும் விளக்கினேன். அதற்கு மட்டும் வாய் திறந்தார்.

"பொகை பாலத்தச் சுத்தியா வரும்?"

பிறகு, அது என்ன ஆலை என்று அப்போதே தெரியுமா என்று கேட்டார். அவர் பேனாவுக்கு மூடி போட்டேன். மறுபடியும் கேட்டார்.

"ஈயம்னு தெரிஞ்சுதான் போட்டியா?"

தெரியும் என்றேன். கோபிநாத் மறைக்கவே இல்லை. எல்லாம் நவீன முறை, புகையே வராது என்றும் சேர்த்துச் சொன்னார். நான் அறிவியல் ஆசிரியை. ஈயம் குழந்தைகளின் மூளையை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகஸ்ட் 28 பக்கத்தில் விவரம் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். அதை அடிக்கவில்லை, இருக்கட்டும்.

புகார்த் தாளைக் கிழித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். இட்லிக்கு ஊறப்போட்டதை ஆட்டினேன். பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 4

பேசுவதில்லை. சாப்பாட்டில் குறை வைப்பதில்லை. ரேஷன் கடைக்குப் போக வேண்டும் என்றால் சுவரைப் பார்த்து, அரிசி போடறாங்களாம் என்கிறார். முப்பத்திரண்டு ஆண்டு இல்லறத்தில் சுவருக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

செப்டம்பர் 6

ரோஸ்லினிடம் மன்னிப்புக் கேட்டேன். சரிங்க மேடம் என்றாள். வெற்றுத் தாள்கள் பதினொன்று மிச்சம் இருந்தன, எண்ணி என் மேசையில் வைத்தாள்.

மதியம் பள்ளி மேலாண்மைக் குழு கூடியது. பெற்றோர்கள்தான் உறுப்பினர்கள், வந்தவர்கள் எல்லாம் தாய்மார்கள். தலைவி மயிலாத்தாள், தர்ஷினியின் அம்மா, தேங்காய் நார் மில்லில் வேலை செய்கிறவர். வருகைப் பதிவேட்டில் வாங்கும் கையெழுத்தைத் தவிர இந்தக் குழுவிடம் நான் எதையும் பெரிதாகக் கேட்டதில்லை. இன்று நின்றுகொண்டு சொன்னேன். சான்றைப் பற்றிச் சொன்னேன், தூரத்தைச் சொன்னேன், மோட்டாரைச் சொன்னேன். கத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

மயிலாத்தாள் மட்டும் பேசினார்.

"நீங்க வந்து கேட்டிருந்தா நாங்களே போடுங்கன்னு சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்போமுங்க டீச்சர். கக்கூசு இல்லாம எங்க புள்ளைங்க பட்ட பாடு எங்களுக்குத் தெரியாதுங்களா? ஆனா நீங்க கேக்கவே இல்லீங்க. எங்க புள்ளைங்க மேல படற பொகைக்கு எங்கள ஒரு வார்த்த கேக்கோணுமா இல்லீங்களா?"

கேட்டிருக்க வேண்டும் என்றேன். வேறு என்ன சொல்வது? அவர்களுக்காகத்தான் செய்தேன் என்று தொண்டைவரை வந்தது, விழுங்கிவிட்டேன். ஈயம் என்று எனக்கு முன்பே தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் வாய்க்கால் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். என்மேல் எனக்கே ஆத்திரமாக இருந்தது. இத்தனை ஆண்டு இந்தத் தாய்மார்களின் பிள்ளைகளுக்காக அதிகாரிகளிடம் சண்டை போட்டவள் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. அவர்களிடம் ஒரு தடவைகூட என்ன வேண்டும் என்று கேட்காமலே அந்தச் சண்டையெல்லாம் போட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 19

ஷகிலா பானுவின் அலுவலகத்தில் பிரமாணப் பத்திரம் கொடுத்தேன். சான்று நான் தந்ததே, தூரம் பாலம் வழியாக நடக்கும் தூரம், அப்படிக் குறிப்பிடாதது என் தவறு, பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கலந்தாலோசிக்கவில்லை, ஆகவே சான்றைத் திரும்பப் பெறுகிறேன். இவ்வளவுதான். இதனால் துறை நடவடிக்கை வரும், ஓய்வு பெறும் நேரத்தில் வந்தால் மிகவும் சிரமம், யோசித்துவிட்டீர்களா என்று வழக்கறிஞர் இரண்டு முறை கேட்டார். ஈயம் பற்றித் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. தீர்ப்பாயத்துக்குத் தூரம்தான் முக்கியம் என்றார். நானும் அதோடு விட்டேன்.

இவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பேருந்தில் எனக்கு சன்னலோர இருக்கையைக் காட்டிவிட்டு மூன்று வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

செப்டம்பர் 27

அறக்கட்டளை ஆட்கள் வந்து தங்கள் பெயர்ப் பலகையையும் மோட்டாரையும் கழற்றிக்கொண்டு போனார்கள். சட்டப்படி எழுதிக் கொடுக்காத பொருள் என்று தாள் காட்டினார்கள். நான் தடுக்கவில்லை.

செப்டம்பர் 29

காலை எட்டு மணிக்கே கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டி நிறைந்திருந்தது. மயிலாத்தாள் முறை வைத்திருக்கிறார். நாளுக்கு நான்கு தாய்மார்கள், குடத்தில் வாய்க்கால் ஓரத்துக் கைப்பம்பிலிருந்து. என்னிடம் கேட்டுக்கொண்டு செய்யவில்லை.

அக்டோபர் 11

சென்னை. விசாரணை பதினைந்து நிமிடம் நடந்தது. அதற்காக ஏழு மணி நேர ரயில் பயணம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர், கணவர் மனுதாரர் என்பதால் வீட்டு நெருக்கடியில் இந்த அம்மா பல்டி அடிக்கிறார் என்றார். அமர்வில் இருந்த ஒருவர் என்னைப் பார்த்துத் தமிழிலேயே, பள்ளியிலிருந்து அந்த மதிலைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். ஆறாம் வகுப்பு சன்னலிலிருந்து மதிலில் எழுதியிருப்பதை வாசிக்கவே முடியும் என்றேன். கீழே குனிந்து எழுதிக்கொண்டார். இரண்டு தரப்பும் இருக்க நேர்கோட்டில் அளக்க உத்தரவு.

வெளியே வந்து இவர் இரண்டு டீ வாங்கினார். ஒன்றை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நவம்பர் 2

அளந்தார்கள். வாய்க்காலின் இரண்டு கரையிலும் கருவி வைத்து, பள்ளிச் சுவர் முதல் ஆலை மதில்வரை. முந்நூற்று முப்பத்தெட்டு மீட்டர். இவருடைய ஏழு கம்பக் கணக்குக்குப் பன்னிரண்டு மீட்டர்தான் குறைவு. கடைசிக் கம்பம் கொஞ்சம் சாய்ந்திருக்கும் என்று நில அளவைக்காரரிடம் வாதம் செய்துகொண்டிருந்தார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சன்னலில் தொங்கி வேடிக்கை பார்த்தார்கள். நான் அவர்களை விரட்டவில்லை.

டிசம்பர் 14

அனுமதி ரத்து.

தகவல் வந்ததும் அண்ணமார் நகரில் வெடி வெடித்தார்கள். இவருக்கு மாலை போட்டு, கூச்சத்தில் அவர் நெளிவதைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார்கள். தாய்மார்கள் மில்லிலிருந்து நேராக வந்து, கோயில் முன்னால் நின்று ஜவ்வரிசிப் பாயசம் குடித்தார்கள். மயிலாத்தாள் எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். சிரிக்கவில்லை, ஆனால் கையில் கொடுத்தார். அந்தக் கூட்டத்தில் எனக்கு அழுகை வந்தது, பாயசம் சூடு என்று சமாளித்தேன். பிள்ளைகள் தப்பித்தார்கள். என்னால் அல்ல, என்னைத் தாண்டி.

வீட்டுக்கு வந்தபோது தபால் காத்திருந்தது. கல்வித் துறையின் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. மூன்று கேள்விகள், பதினைந்து நாளில் எழுத்தில் பதில். முதல் கேள்வி, சான்று நான் தந்ததா. இரண்டாவது, மேலதிகாரி அனுமதி பெற்றேனா. மூன்றாவது, சான்று அளித்தபோது அது ஈயம் உருக்கும் ஆலை என்பது எனக்குத் தெரியுமா. பதில்களின் நகல் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் அனுப்பப்படும் என்று கீழே இருந்தது.

டிசம்பர் 15

ஆசிரியர் சங்கத்தில் கேட்டேன். முதல் இரண்டுக்கும் ஆமாம், இல்லை என்று எழுதிவிடலாம், கண்டிப்போடு போகும் என்றார்கள். எல்லாம் மூன்றாவதில்தான் இருக்கிறதாம். தெரியாமல் கொடுத்தால் கவனக்குறைவு. தெரிந்தே கொடுத்தேன் என்றால் மே மாதம் ஓய்வு கொடுக்காமல் நிறுத்தி வைப்பார்கள், ஓய்வூதியத்தில் கை வைப்பார்கள், விசாரணை எத்தனை ஆண்டு இழுக்கும் என்று சொல்ல முடியாது. அந்தக் கோபிநாத்தா வந்து சாட்சி சொல்லப் போகிறான், தெரியாது என்று எழுதுங்கள் என்றார்கள். அவன் சொல்ல மாட்டான் என்பது உண்மைதான்.

வீட்டுக்கு வந்து இவர் காதில் விழட்டும் என்று சுவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பழகிவிட்டது.

டிசம்பர் 17

ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாப்பிட்டு எழுந்ததும் இவர் மேசையைத் துடைத்து, வெள்ளைத் தாள்களை எடுத்து வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மெமோவுக்குப் பதிலை நான் எழுதித் தருகிறேன் என்றார். சுவரைப் பார்க்காமல், என்னைப் பார்த்துச் சொன்னார். மூன்றரை மாதம் கழித்து. கழுவிய தட்டையே மறுபடி கழுவினேன்.

ஒரு மணி நேரம் எழுதினார். மின்வாரியத்தில் விபத்து அறிக்கை எழுதிப் பழகியவர். வரிசை எண் போட்டு, பத்தி பிரித்து, அழகான பதில். "படிச்சுப் பாத்துட்டுப் போடு" என்று சொல்லி என் பக்கம் தள்ளிவிட்டு, எழுந்து போய் சன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

படித்தேன். முதல் பதில் சரி. இரண்டாவது சரி. மூன்றாவதில், "தெரியாது. பேட்டரிகளை இருப்பு வைக்கும் கிடங்கு என்றே எனக்குச் சொல்லப்பட்டது" என்று எழுதியிருந்தார்.

இரண்டு முறை படித்தேன். ஈயம் என்று தெரிந்தும் போட்டாயா என்று கேட்டுவிட்டு மூன்றரை மாதம் என் முகம் பார்க்காதவர். பன்னிரண்டு மீட்டர் தூரத்துக்கு நில அளவைக்காரரிடம் சண்டை போட்டவர். பொய்யாக ஒரு வரி எழுத இந்த மனிதருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும். "தெரியாது" என்ற அந்த ஒரு சொல்லில் மட்டும் எழுத்து சிறிதாகி, பக்கத்து வரியோடு இடித்துக்கொண்டு இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் எனக்குச் செய்த எதுவும் என்னை இப்படி அழ வைத்ததில்லை. சத்தமாகவே அழுதேன். அவர் திரும்பவில்லை.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தேன். இந்தத் தாள் மயிலாத்தாள் கைக்கும் போகும். நார் மில் வாசலில் நின்று அவர் இதை எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஒரு தடவை அவர்களைக் கேட்காமல் எழுதிக் கொடுத்தேன். இப்போது அவர்களிடமே பொய்யும் எழுதிக் கொடுக்க என்னால் முடியாது. அந்த வரியை அடித்துவிட்டு, மேலே எழுதினேன்: "தெரியும். கழிப்பறைக்கு மோட்டார் வர வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே தந்தேன்."

இவர் வந்து தாளை எடுத்துப் பார்த்தார். அடித்தல் உள்ள தாளை அலுவலகத்துக்கு அனுப்பக் கூடாது என்று சொல்லி உட்கார்ந்து, புதுத் தாள் ஒன்றை எடுத்து முதலிலிருந்து படி எடுக்க ஆரம்பித்தார். மூன்றாவது கேள்வி வந்ததும் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். எழுதினார்.